அங்கியைக் கிழித்த ஐயர்

மகளை அடக்கம் செய்த அன்று சவுரியப்பன் ஐயர் அழவில்லை. ஓடையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்ததால் வேறு போதகர் யாரும் வந்து சேர முடியவில்லை. அடக்க ஆராதனையை அவரே நடத்தினார். புத்தகத்தைப் பிரித்தார், வாசிக்க வேண்டியதை வாசித்தார், பெட்டியின்மேல் மூன்று பிடி மண் போட்டார், ஆசீர்வாதம் கூறினார். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. கிருபைக்கு ஒன்பது வயது. எட்டு நாள் விஷக் காய்ச்சல். 1935ஆம் வருஷம் ஐப்பசி மாதம் அது.

அந்தக் காலத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சவுரியப்பன் என்பது கத்தோலிக்கர் வைக்கிற பெயர். அவருடைய தாத்தா அந்தச் சபையிலிருந்து இந்தப் புராட்டஸ்டண்ட் சபைக்கு மாறியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், பெயரை மட்டும் விடவில்லை. பேரன் நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு சிறிய கோயிலுக்குப் பதினான்கு வருஷம் போதகராக இருந்தார். ஐம்பது குடும்பம், ஒரு மணி, இரண்டு வெள்ளை அங்கி. சாதாரண நாளுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று.

சபையார் இருக்கிறார்களே, அவர்களுக்கு எதைக் கண்டாலும் சாட்சியாக்கிவிட வேண்டும். "பெத்த புள்ளைய மண்ணுல வச்சுட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, என்னா விசுவாசம்!" என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். ஜெபக் கூட்டத்தில் அதைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். ஐயர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அது விசுவாசம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நோகவில்லை, அவ்வளவுதான். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் கிள்ளினாலும் தெரியாமல் கிடக்குமே, அப்படிக் கிடந்தது மனசு. இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று பார்த்தார். கிறிஸ்துமஸ் வந்தது, பிரசங்கம் செய்தார். உள்ளே ஆள் இல்லாமலே பிரசங்கம் நடந்தது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் கோயில் சாவியை மிஷனிடம் கொடுத்துவிட்டார். மிஷன் தலைவரான வெள்ளைக்காரத் துரை அவரை உட்காரவைத்து, ஏற்காட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வாருங்கள், சரியாகிவிடும் என்றார். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க தொரை" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. மிஷன் கவுன்சிலில் ஒரு பட்டியல் உண்டு. கர்த்தருடைய ஊழியத்தில் இருக்கிற போதகர்களின் பெயரை வருஷத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று அதிலிருந்து வாசிப்பார்கள். சபையை விட்டவருக்கு அதில் இடமில்லை. சபை மூப்பர் கிருஷ்ணப்பன்தான் மல்லுக்கட்டி, "சபை இல்லாட்டியும் ஊழியம் நடக்குதுன்னு வருசா வருசம் நான் எழுதித் தர்றேன், பேரு இருக்கட்டுங்க" என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். கிருஷ்ணப்பன் மண்டிக்காரர், முன்கோபி, ஐயர்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஐயர் அந்தப் பட்டியலை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒன்றையும் காணோம், அந்தக் காகிதத்திலாவது நான் கர்த்தருடைய ஆள் என்று இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அது போய்விட்டால் தான் யார் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

மனைவி சென்னம்மாளுக்கு ஞானஸ்நானப் பெயர் ரூத்து. கோயில் பதிவில் தவிர அதை யாரும் சொன்னதில்லை. அவளுடைய அண்ணன் பச்சியப்பனுக்கு இண்டூர்ப் பக்கம் புங்கங்கொட்டாய் என்ற சிற்றூரில் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அங்கே ஒரு கூரை போட்டுக்கொண்டு இருவரும் குடிபோனார்கள். சென்னம்மாள் மகளுக்காகத் தனியாக அழுதாள். ராகி அரைக்கும்போது அழுதாள், களை பறிக்கும்போது அழுதாள். ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆறுதல் சொல்லப் பதினான்கு வருஷம் பழகிய வாய் அது. தன் வீட்டில் திறக்கவில்லை.

1938 கோடையில் சென்னம்மாளுக்கு நரம்புச் சிலந்தி கண்டது.

நரம்புச் சிலந்தி என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது, நல்ல காலம். கணுக்காலில் ஒரு கொப்புளம் எழும்பும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலைகாட்டும். ஒரு முழம், ஒன்றரை முழம் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைத்து ஆளை மூன்று மாதம் பாயில் போட்டுவிடும். அதனால் ஒரு ஈர்க்குச்சியில் அதன் தலையைச் சுற்றி, தினமும் தண்ணீர் விட்டு விட்டு ஒரு விரற்கடை அளவுக்கு உருட்டி, துணி வைத்துக் கட்டிவிட வேண்டும். மறுநாள் இன்னொரு விரற்கடை. இப்படி இருபது நாள், இருபத்தைந்து நாள்.

ஆடு மேய்க்கிற மாதப்பன்தான் அந்த ஊரில் சிலந்தி சுற்றுகிறவர். நான்காம் நாள் ஆடுகளை வத்தல்மலை அடிவாரத்துக்கு ஓட்டவேண்டி வந்ததால் குச்சியை ஐயர் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே சுத்துங்க ஐயரே. அவசரப்பட்டுராதீங்க. அது வர்றப்பதான் வரும்." ஐயர் சுற்றினார். சென்னம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். வேறு யாராக இருந்தாலும் கை நடுங்கியிருக்கும். அவருக்கு நடுங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் புழு முழுசாக வந்தது.

மரத்துப்போன மனிதனுக்கென்றே ஒரு வேலை இருந்திருக்கிறது. பக்கத்துக் கொட்டாய்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். பங்குனி பிறந்தால் போதும், ஐயர் ஒரு பித்தளைச் செம்பும் ஒரு கட்டு ஈர்க்குச்சியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பிரசங்கம் என்றால் ஒரு ஞாயிறு வந்து சொல்லிவிட்டுப் போய்விடலாம். சிலந்தி அப்படி விடாது. ஒரே வீட்டுக்கு இருபது நாளும் போக வேண்டும், அதே காலடியில் உட்கார வேண்டும். அவர் யார் காலையும் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சுளிக்கத் தோன்றினால்தானே.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருமுறை சைக்கிளில் வந்தார். ஊரில் எல்லோரும் தண்ணீர் எடுப்பது படிக்கிணற்றில். புண்காலோடு படியில் இறங்கினால் புழுவின் குஞ்சு தண்ணீரில் விழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி அதைத் தின்னும், அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு அடுத்த கோடையில் காலில் புறப்படும் என்று சொன்னார். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டிக் குடித்தால் வராது என்றும் சொன்னார். கிணற்றடியில் ஒரு போர்டு வைத்துவிட்டுப் போனார். அந்தப் போர்டை யாரோ ஆட்டுப்பட்டிக்கு அடைப்பாகக் கட்டிவிட்டார்கள்.

ஐயர் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து சாதாரண நாள் அங்கியை எடுத்தார். "இதுல எத்தன துணி வரும்?" என்றார்.

சென்னம்மாள் அதை விரித்துப் பார்த்தாள். "பதினாறு வருங்க. கிழிக்கட்டுங்களா?"

"கிழி."

அவள் ஓரம் தைத்துக் கொடுத்தாள். புங்கங்கொட்டாயில் வீடு பதினாறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, துணியை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுக் கொடுத்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இருந்தாலும் வாய் பண்ணியது. அதைக்கூட விட்டால் தனக்கும் மாதப்பனுக்கும் என்ன வித்தியாசம்? தவிர, கிருஷ்ணப்பனுக்குக் கவுன்சிலில் எழுதிக் கொடுக்க ஏதாவது வேண்டுமே. 'பதினாறு வீட்டாருக்கு ஜெபத்தோடு துணி வழங்கப்பட்டது' என்று அந்த வருஷம் வாசித்தார்களாம். ஐயர் பெயரும் பட்டியலில் வாசிக்கப்பட்டது.

இது நடந்தது 1939இல். அடுத்த கோடையில் போனால் பதினோரு வீட்டில் சிலந்தி.

நஞ்சம்மாள் வீட்டில் இரண்டு பேருக்கு, அவளுக்கும் அவள் புருஷன் காளியனுக்கும். நஞ்சம்மாள் அந்த ஊரில் பேச்சுக்காரி. அவள் சொன்னால் மற்ற பெண்கள் கேட்பார்கள். ஐயர் அவள் காலடியில் உட்கார்ந்து குச்சியைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தார். வாசல் நிலைக்கு மேலே, வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் தடவிய ஒரு துணி முடிச்சுத் தொங்கியது. ஓரத்துத் தையல் சென்னம்மாளுடையது.

"இது நான் குடுத்த துணிங்களா?"

"ஆமாங்க ஐயரே. பத்திரமா வச்சிருக்கறங்க. வெள்ளிக்கெழமையானா சாம்பிராணி போடறங்க."

"தண்ணி வடிகட்டத்தானே குடுத்தேன்."

நஞ்சம்மாளுக்கு அதிர்ச்சியாகிவிட்டது. "ஐயோ, சாமி கும்புட்டுக் குடுத்த துணிங்க! அதுல போயி கொடத்து வாயில கட்டித் தண்ணி ஊத்துவாங்களா? தீட்டாயிராதுங்களா? உங்க சாமி எங்கள சும்மா வுடுவாருங்களா?"

பதினாறு வீட்டையும் பார்த்தார். ஒரு வீட்டில் உறியில் தொங்கியது. ஒரு வீட்டில் பிள்ளைக்காரி இடுப்பில் தாயத்தாக முடிந்திருந்தாள். ஒரே ஒரு வீட்டில் வடிகட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்குக் காது கேட்காது, ஜெபம் பண்ணியது அவருக்குத் தெரியவில்லை. தன் ஜெபம்தான் பதினோரு வீட்டுக் காலில் புழுவாக வந்திருக்கிறது என்று ஐயர் கணக்குப் போட்டுக்கொண்டார். இதற்கு வருத்தப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வருத்தம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பண்டிகை அங்கியை எடுத்துச் சென்னம்மாளிடம் நீட்டினார்.

இந்த முறை கண்ணை மூடவில்லை, கையை ஏந்தவில்லை. நஞ்சம்மாள் வாசலில் பெண்களையெல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்து, புதுத் துணியில் ஒன்றை எடுத்து, புழுதி படிந்த தன் இரண்டு காலையும் அவர்கள் எதிரிலேயே நன்றாகத் துடைத்தார். "பாருங்க. இது சாமித் துணி இல்லீங்க. வெறுந்துணி. வெந்நியில அலசிட்டுக் கொடத்துல கட்டுங்க. வடிகட்டறதத் தவுர ஒண்ணுக்கும் ஆவாது." பெண்கள் சிரித்தார்கள். நஞ்சம்மாள் மட்டும் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

கிருஷ்ணப்பனுக்கு விஷயம் எட்டியது. ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். "ஜெபம் பண்ணாம குடுத்தீங்களாமே?"

"ஆமாங்க மூப்பரே. பண்ணுனா வடிகட்ட மாட்டேங்கறாங்க."

"அப்ப இது ஊழியமா? கவர்மெண்டு வேலையா?"

"தெரியலீங்க" என்றார் ஐயர். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லைதான். கிருஷ்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டு போனார். என்றாலும் அந்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் ஏதோ பொதுவாக எழுதிக் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றினார்.

1941 கோடையில் மூன்று வீட்டில்தான் சிலந்தி வந்தது. மூன்றும் துணியைத் தொலைத்துவிட்ட வீடுகள். ஐயர் தன் வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார். 1942இல் பங்குனி போய், சித்திரை போய், வைகாசி பிறந்தது. செம்பும் ஈர்க்குச்சியுமாக ஐயர் கொட்டாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு காலில்கூடக் கொப்புளம் இல்லை.

அந்த வாரத்தில்தான் கிருஷ்ணப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். யுத்தத்தில் துரை ஊருக்குப் போய்விட்டார், பட்டியலைப் புதிதாகத் திருத்துகிறார்கள், சபை இல்லாதவர் பெயரை எல்லாம் எடுக்கப் போகிறார்கள். "இந்த வாட்டி பொதுவா எழுதுனா செல்லாது ஐயரே. இந்த ஊரு சனங்க கர்த்தர் பேரச் சொல்றத நான் காதால கேட்டேன்னு எழுதணும். ஒரே ஒரு வார்த்த போதும். பேரும் நிக்கும், திரும்பச் சபையும் குடுப்பாங்க. வாங்க போலாம்."

இருவரும் புங்கமரத்தடிக்குப் போனபோது ஊரே கூடியிருந்தது. கிடா ஒன்றுக்கு மாலை போட்டுக் கட்டியிருந்தார்கள். நஞ்சம்மாள் ஓடிவந்தாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க ஐயரே! இந்த வருசம் ஒருத்தருக்கும் நரம்பு வரலீங்க. சாமிக்குக் கெடா வெட்டறம். ஆனா எந்தச் சாமிக்குன்னுதான் வழக்கா இருக்குதுங்க. ஆம்பளைங்க முனியப்பன்னு சொல்றாங்க. நானு, துணி குடுத்தது ஐயரு, அப்ப ஐயரோட சாமிதான்னு சொல்றேன். நீங்களே சொல்லிருங்க."

கிருஷ்ணப்பன் ஐயரின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"சாமி இல்லீங்கம்மா, துணிதான்" என்றார் ஐயர். "தண்ணியில இருக்கற பூச்சிய அது தடுத்துருது."

"துணி தானா வந்துச்சுங்களா? பூச்சிய யாரு கண்டா? ஏதோ ஒரு சாமி மனசு வச்சுத்தானே நின்னுது." நஞ்சம்மாள் விடுவதாக இல்லை. "உங்க சாமின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வூட்டுக்கு வூடு துணிய எடுத்து மஞ்சத் தடவி, நெலையில கட்டி, காலத்துக்கும் கும்புட்டுக்கறம். கெடாவும் அவருக்கே."

"சொல்லுங்க ஐயரே, சொல்லுங்க" என்றார் கிருஷ்ணப்பன்.

ஐயர் நஞ்சம்மாளுடைய காலைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் குச்சி சுற்றிய இடத்தில் தழும்பு இருந்தது. அவள் பின்னால் அவளுடைய மருமகள் ராமக்காள் மாசமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் குடத்து வாயில் துணி கட்டியிருந்தது. பழுப்பேறி, நடுவில் ஒட்டுப் போட்ட துணி. சொன்னால் அது இன்றைக்கே நிலைக்கு ஏறிவிடும். சொல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. கேட்டவர்கள் எதிரில் தன் ஆண்டவரை இல்லையென்று சொன்னவராகிவிடுவார். பதினான்கு வருஷம் பிரசங்க பீடத்தில் நின்று எதைச் செய்யாதே என்று மற்றவர்களை எச்சரித்தாரோ அதுதான் இது.

"எஞ்சாமி இல்லீங்க" என்றார். "முனியப்பனுக்கே வெட்டுங்க. துணிய மட்டும் விட்டுராதீங்க. கிழிஞ்சா சொல்லுங்க, வேற தர்றேன்."

ஆண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். நஞ்சம்மாள் முகம் சுண்டிப்போனாலும், "அப்ப சரிங்க" என்று கிடாவை அவிழ்க்கப் போனாள். கிருஷ்ணப்பன் பிடித்திருந்த முழங்கையை விட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இத நான் அப்பிடியே எழுதத்தான் போறேன்" என்றார். "எழுதுங்க மூப்பரே" என்றார் ஐயர். எழுதினார். ஆடி மாதம் பெயரை எடுத்துவிட்டார்கள். ஐயர் அதற்கப்புறமும் வெகுகாலம் கொட்டாய் கொட்டாயாகத் துணி கொடுத்துக்கொண்டு திரிந்தார், சென்னம்மாள் தைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு அவர் வெயிலில் தனியாக வீட்டுக்கு நடந்தார். வாய்க்கால் தாண்டும்போது மார்புக்குள் ஏதோ பிசைந்தது. வெயில் என்று நினைத்தார். பனைமரத்து நிழலில் நின்றார், பிசைவது நிற்கவில்லை. 'எஞ்சாமி இல்லீங்க' என்று தன் வாய் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் நொந்தது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மூச்சு முட்டியது.

சென்னம்மாள் களிக்கு உலை வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "மேலுக்கு என்னாச்சுங்க?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல." நடந்ததைச் சொன்னார். "ஊரு நடுவுல அவர இல்லன்னுட்டு வந்துட்டேன் சென்னம்மா. நோவுது. தாங்க முடியலை."

சென்னம்மாள் அவரையே பார்த்தாள். கோபமா, ஆறுதலா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. "நோவட்டுங்க" என்றாள். "இல்லாதவர இல்லன்னு சொன்னா நோவுங்களா?"

ஐயர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் அவரிடமிருந்து வந்தது அழுகை மாதிரியே இல்லை, இருமல் மாதிரி இருந்தது. பிறகு மகள் பெயரைச் சொன்னார். கிருபை, கிருபை என்று ஒரு குழந்தையைத் தெருவில் தேடுகிறவர் மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். சென்னம்மாள் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.